மதினியின் கை

அவர் பெயரை எழுதப் போவதில்லை. என் அண்ணனின் மனைவி. எங்கள் பக்கத்தில் மதினி என்போம். மதினி என்றே எழுதுகிறேன்.

எங்கள் உறவில் மதினியிடம் அடி வாங்காதவர்கள் குறைவு. கோபம் வந்து கை நீட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மதினிக்கு முதலில் கை போகும், கோபம் பின்னால் வரும், காரணம் அதற்கும் பின்னால் வரும். குட்டையான உடம்பு. கறிக்கடைக் கத்தியை ஓங்கி ஓங்கி வலது முன்கை மட்டும் மல்யுத்தக்காரனுடையதைப் போல் திரண்டிருக்கும். அந்தக் கையில் வளையல் போட மாட்டார். "போட்டா ஒடஞ்சு, அடி வாங்குறவன் மூஞ்சியில குத்திரும். பாவமில்லையா?" என்பார்.

என் அக்கா பேரனுக்குக் காதுகுத்து. பந்தி முடிந்து பெண்கள் உள்ளறையில் உட்கார்ந்திருந்தார்கள். பிரசவமாகி இரண்டு மாதமான ஒரு பெண், சாப்பிட்ட கை காய்வதற்குள் டீ டம்ளரை வாயில் வைத்தாள். வாசலில் நின்றிருந்த மதினி எப்போது உள்ளே போனார் என்று யாரும் பார்க்கவில்லை. டம்ளர் சுவரில் பட்டு உருண்டது. டீ முழுவதும் அந்தப் பெண்ணின் மாமியார் பட்டுச்சேலையில்.

"சோறு இன்னும் தொண்டைய விட்டு எறங்கல. அதுக்குள்ள என்னடி டீ?"

"எஞ் சேல!" என்று மாமியார் கத்தினார்.

"சேலைய அலசுனா போயிரும். இந்தா, இவ மூஞ்சியப் பாருங்க. சுண்ணாம்பு அடிச்ச சுவரு மாதிரி இருக்கு. பிள்ளைக்குப் பாலு குடுக்குறாளா, இல்ல அவ ரத்தத்தயே குடுக்குறாளா? ஒரு மணி நேரங் கழிச்சுக் குடிக்கட்டும். நானே போட்டுத் தாரேன்."

சொன்னபடி ஒரு மணி நேரம் கழித்து அவரே போட்டும் கொடுத்தார். அந்த மாமியார் அதற்குள் கிளம்பிப் போயிருந்தார். என் அக்கா ஒரு வருடம் மதினியோடு பேசவில்லை.

மதினியின் கடை திருப்பரங்குன்றத்தில், ரயில்வே கேட்டுக்குப் போகும் ஒரு சந்தில் இருந்தது. அண்ணன் வைத்த கறிக்கடை. அண்ணன் நெஞ்சு வலியில் போன பிறகு, காரியம் முடிந்த வாரமே மதினி போய்க் கட்டைக்குப் பின்னால் நின்றார். ஆட்டில் சுவரொட்டி என்று ஒன்று உண்டு. மண்ணீரலைத்தான் அப்படிச் சொல்வோம். ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான். உள்ளங்கை அகலத்தில் கருஞ்சிவப்பாக இருக்கும். ரத்தம் குறைந்தவர்களுக்குச் சுட்டுக் கொடுப்பார்கள். மற்ற கடைகளில் முதலில் கேட்டவருக்குக் கிடைக்கும். மதினி கடையில் அது பெண்களுக்கு மட்டும்தான். அதிலும் மாசமாக இருப்பவள், பிள்ளை பெற்றவள், தீட்டு நிற்காமல் போகிறவள் என்று ஒரு வரிசை இருந்தது. அந்த வரிசை மதினியின் மண்டைக்குள் மட்டும் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புது பைக்கில் ஒருவன் வந்தான். கழுத்தில் கனத்த செயின். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, தொங்கிக்கொண்டிருந்த சுவரொட்டியைக் காட்டினான்.

"அக்கா, அதக் குடுங்க."

"யாருக்கு?"

"எனக்குத்தான். சரக்குக்குத் தொட்டுக்க நல்லாருக்கும்."

"எத்தன மாசம்?"

கூட்டம் சிரித்தது. அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "காசு குடுத்தா குடுக்க வேண்டியதுதான, என்ன பேச்சு?" என்று தானே கையை நீட்டி அதைக் கட்டையில் இழுத்துப் போட்டான். கத்தி இறங்கியது. அவன் நடுவிரலுக்கும் கத்திக்கும் இடையில் ஒரு நூல் இடம் இருந்திருக்கும். புளியங்கட்டையில் அரை அங்குல ஆழத்துக்குப் பதிந்த கத்தியை மதினி அசைத்து அசைத்துப் பிடுங்கினார்.

"மறுபடி வையி மாப்ள. இந்தத் தடவ சரியா வெட்டுறேன்."

அவன் பைக்கை மறந்து நடந்தே போனான். மாலையில் வேறு ஒருவன் வந்து எடுத்துப் போனான்.

இதைச் சொல்லி நாங்கள் சிரிப்போம். சிரிக்க முடியாததும் உண்டு. மதினியின் மருமகள் மதுரைக்குள் வளர்ந்த பெண். குடல், ரத்தம் எதுவும் சாப்பிட்டுப் பழகாதவள். அவள் மாசமாக இருந்தபோது மதினி ரத்தப் பொரியல் செய்து வைத்தார். அவள் தொடவில்லை. மதினி அவள் மூக்கைப் பொத்தி, வாய் திறந்ததும் ஊட்டினார். அவள் வாந்தி எடுத்தாள். தரையைத் துடைத்துவிட்டு மறுபடியும் ஊட்டினார். அன்று நான் அங்கே இருந்தேன்.

"மதினி, இது கொடுமை" என்றேன்.

"கொடுமதான். வெளுத்துச் சாகுறது மட்டும் கல்யாணமா, கொழுந்தனாரே?"

அந்தப் பெண் தன் தாய் வீட்டுக்குப் போய்ப் பிரசவம் முடிந்துதான் திரும்பினாள். மாமியாரை அவள் மன்னிக்கவே இல்லை. மதினி செய்தது சரியென்று நானும் சொல்ல மாட்டேன்.

ஏன் இப்படி என்று ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். மதினியின் தாய் பிரசவத்தில் வண்டியிலேயே போய்விட்டார் என்பார்கள். தங்கை என்பார்கள். ஒருமுறை நானே கேட்டேன். "எங்கம்மா எழுவது வயசு வரைக்கும் என்னைய ஏசிட்டுத்தான் போனா. அதெல்லாம் ஒண்ணுமில்ல. வெளுத்த மூஞ்சியப் பாத்தா எனக்கு ஆத்திரம் வருது, அம்புட்டுத்தான்" என்றார். அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். டீயின் சங்கதியை மதினிக்குச் சொன்னதே நான்தான். ஒருநாள் அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கறியை அள்ளி வைத்துக்கொண்டே கேட்டார்.

"நீங்க படிச்சவரு. சில பொம்பளைகளுக்கு எம்புட்டுக் குடுத்தாலும் ரத்தம் ஊற மாட்டேங்குதே, ஏன்?"

வகுப்பு எடுத்துப் பல வருடமாகியிருந்தது. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. சாப்பாட்டில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்பதைவிட உடம்பு அதில் எவ்வளவை எடுத்துக்கொள்கிறது என்பதுதான் முக்கியம் என்றேன். கறியிலும் ஈரலிலும் உள்ள இரும்பு சுலபமாகச் சேரும். கீரையிலும் பயறிலும் உள்ளது அவ்வளவு சுலபத்தில் சேராது. ஆனால் கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ இருந்தால் அதுவும் சேரும். கீரையோடு ஒரு துண்டு கறி இருந்தாலும் சேரும். சாப்பிட்டவுடன் டீயோ காப்பியோ குடித்தால் அதிலுள்ள துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். சத்து மாத்திரைக்கும் அதே கதைதான். சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் சேர்த்துப் போடக் கூடாது. இவ்வளவையும் நான் சொல்லி முடித்தபோது என் கையில் டீ இருந்தது.

"அப்ப நீங்க ஏன் குடிக்கிறீங்க?"

"எனக்கென்ன மதினி, நானா பிள்ளை பெறப் போறேன்?"

மதினி சிரிக்கவில்லை. என் பேச்சை அப்படியே மனதில் வாங்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அவர் கடைச் சந்தில் ரகளை. அங்கே பெண்கள் உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டும் கொட்டகை ஒன்று இருந்தது. மத்தியானம் அவர்கள் தூக்குச்சட்டியைத் திறக்கும் நேரம் பார்த்துத்தான் டீக்காரர் சைக்கிளில் வருவார். மதினி அந்தக் கேனை எத்திவிட்டார். டீக்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. சைக்கிள் பம்பை உருவிக்கொண்டு வந்தார். மதினி அவர் சட்டையைப் பிடித்து ஊதுபத்திக் கட்டுகளின் மேல் தள்ளினார். கொட்டகை முழுவதும் கரித்தூள். எல்லோர் முகமும் கறுத்துவிட்டது.

"ஏம்மா, எம் பொழப்பக் கெடுக்குற?"

"ஒன் பொழப்ப எவன் கெடுத்தான்? ஒரு மணி நேரங் கழிச்சு வா. டீயில ஒரு திருடன் இருக்கான்; சோத்துல இருக்க இரும்பத் தூக்கிட்டுப் போயிருவான். எங் கொழுந்தனாரு சொன்னாரு. அவரு வாத்தியாரு!"

கேனுக்கும் டீக்கும் மதினியே பணம் கொடுத்தார். டீக்காரர் அதன் பிறகு மூன்று மணிக்குத்தான் வந்தார். வியாபாரம் குறையவில்லை என்று அவரே என்னிடம் சொன்னார். கூடவே, "ஒங்க வாயி சும்மா இருந்திருக்கலாம் சார்" என்றும் சொன்னார்.

இனி என் மகள் விஷயத்துக்கு வருகிறேன்.

பவித்ரா என் ஒரே மகள். மருமகன் வெளிநாட்டில் வேலை. முதல் பிரசவத்துக்கு எங்களிடம் வந்திருந்தாள். ஏழாம் மாதத்தில் பரிசோதித்த டாக்டர், ரத்தம் ஏழுதான் இருக்கிறது என்றார். சாப்பாட்டைக் கவனிக்கச் சொன்னார். மாத்திரை எழுதினார். இரும்புச் சத்து ஊசியை ஏற்றுவதற்கு ஒரு நாளும் குறித்துக் கொடுத்தார். "இதே நிலையில பிரசவமானா, கொஞ்ச ரத்தம் போனாலும் தாங்காது" என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

அந்த மாதம் எங்கள் சொந்த ஊரில் சாமி கும்பிடு. எழுமலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். ஊருக்கு வெளியே பொட்டலில் கோயில். கிடா வெட்டிச் சமைத்து ஆண்கள் மட்டும் அங்கேயே சாப்பிடுவார்கள். பெண்கள் எல்லைக்கல்லைத் தாண்டி வரக் கூடாது. ஒரு துண்டு கறிகூட வீட்டுக்குப் போகக் கூடாது. முதல் பரிவட்டம் எங்கள் குடும்பத்துக்கு. அண்ணன் இல்லாததால் என் தலையில்தான் கட்டுவார்கள். அதற்குக் கையில் காப்புக் கட்டி ஒரு மாதம் விரதம் இருக்க வேண்டும். காப்புக் கட்டியவன் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அவன் வீட்டு அடுப்பில் கறி, மீன், முட்டை எதுவும் ஏறக் கூடாது. ஏறினால் பரிவட்டம் பங்காளி ஒச்சப்பன் வீட்டுக்குப் போய்விடும். ஒச்சப்பன் அதற்காகவே ஊரில் எங்கள் வீட்டு வாசலை மோப்பம் பிடித்துக்கொண்டு திரிந்தான்.

நாங்கள் ஊருக்குக் கிளம்பும் முன் மதினி திருப்பரங்குன்றத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"நீங்க போயி காப்புக் கட்டுங்க. பிள்ள எங்கிட்ட இருக்கட்டும்."

"வீட்டுப் பொண்ணு வேற வீட்ல இருந்தா ஊருல என்ன சொல்லுவாங்க மதினி?"

"செத்தா என்ன சொல்லுவாங்க?"

அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. அபசகுனம் என்றேன். குடும்பத்தோடு ஊருக்குப் போனோம். ஊசி ஏற்றும் நாள் வந்தது. என் மனைவி கேட்டாள். "கெடா வெட்டு முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன். அவளை வேறு யாருடனாவது அனுப்பியிருக்கலாம். நான் அனுப்பவில்லை.

பவித்ராவுக்கு மாத்திரை குமட்டியது. டீயோடு போட்டால் குமட்டாது என்று அவளே கண்டுபிடித்தாள். என் கண் முன்னால்தான் போட்டாள். ஆயிரம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன நான் அதைப் பார்த்துக்கொண்டு என் டீயைக் குடித்தேன். விரதத்தில் ஒரு வேளை மட்டும் சாப்பிட்ட எனக்கு டீதான் துணையாக இருந்தது; எனக்குப் போடும்போது அவளுக்கும் போடுவார்கள். கறியை நிறுத்தியது சாமிக்காக என்று வைத்துக்கொள்ளலாம். டீயை நிறுத்தாததற்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை.

இரண்டாவது வாரம் மதினி ஊருக்கே வந்தார். பை நிறையக் கொய்யா, எலுமிச்சை, முருங்கைக்கீரை. ஒரு பழைய இரும்புச் சட்டி. "கறிதான வேணாம்? சரி. கீரைய இதுல வதக்குங்க, எலுமிச்சைய மேல பிழிங்க" என்று அடுப்படிக்குப் போனார். அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. பவித்ரா சாப்பிட்ட தட்டோடு உட்கார்ந்திருந்தாள். மாத்திரையும் கையில் இருந்தது.

மதினி டீச்சட்டியைத் துணிகூடப் பிடிக்காமல் தூக்கி வாசலில் வீசினார். பின்னாலேயே வாசலுக்கு வந்த என்னைத் திரும்பி அறைந்தார். காப்புக் கட்டியவனை, தெருவே பார்க்க.

"நீ சொல்லித்தானடா எனக்குத் தெரியும்!"

அவர் என்னை 'டா' போட்டது அந்த ஒருமுறைதான். வாசலுக்கு எதிரே ஒச்சப்பன் நின்று சிரித்தான். "என்ன வாத்தியாரே, பரிவட்டம் இப்பவே கட்டிட்டாங்க போல. கன்னத்துல கட்டிருக்கு!"

நான் உள்ளே போனேன். மதினி ஊரிலேயே தங்கிவிட்டார். இரண்டு நாள் கழித்துப் பின்கட்டில் பொசுங்கும் வாசனை வந்தது. போய்ப் பார்த்தேன். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் மதினி மூன்று கல்லைக் கூட்டி, இரும்புச் சட்டியில் சுவரொட்டி வதக்கிக்கொண்டிருந்தார். பவித்ரா வாயில் ஒரு துண்டு. என்னைப் பார்த்ததும் அவள் மெல்வதை நிறுத்தினாள்.

"முழுங்குடி" என்றார் மதினி. பிறகு என்னிடம், "ஒங்க அடுப்புல ஏறல. இது வெளிய. சாமிக்குத் தெரியும்" என்றார்.

வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். ஒச்சப்பனாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அந்த இருமல்தான் என் கையை நீட்ட வைத்தது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அப்படி இல்லை. அந்த அறை என் கன்னத்தில் இன்னும் இருந்தது. நான் மதினியின் கொண்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் என் வயிற்றில் முட்டினார். நாங்கள் இருவரும் சாணியில் விழுந்தோம். வயதானவர்கள் கட்டிப் புரண்டு சண்டை போடுவது பார்க்க அசிங்கமாகத்தான் இருந்திருக்கும். என் கைக்குச் சட்டிதான் கிடைத்தது. ஓங்கினேன். தலையைக் காக்க மதினி வலது கையைத் தூக்கினார். மணிக்கட்டுக்கு மேல் எலும்பு உடையும் சத்தம், காய்ந்த விறகு முறிவதுபோல் கேட்டது. மறுபடியும் ஓங்கினேன். பவித்ரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குறுக்கே வந்ததால் நிறுத்தினேன்.

மதினி எழுந்து உட்கார்ந்தார். தொங்கும் கையை இடது கையால் ஏந்திக்கொண்டு, கீழே சிதறிக் கிடந்த துண்டுகளைப் பார்த்தார். "மண்ணாப் போச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கட்டுப் போட்ட இடத்தில் எப்படி ஆனது என்று கேட்டிருக்கிறார்கள். "மாடு முட்டிருச்சு" என்று சொல்லியிருக்கிறார். அவர் மகனுக்கும் அப்படியே சொன்னார். அதனால் போலீஸ் வரவில்லை. ஒச்சப்பன் வாயை எப்படி அடைத்தார் என்று தெரியாது. அவனும் வெளியே சொல்லவில்லை. என் விரதமும் குலையவில்லை.

கிடா வெட்டு நாள். தலையில் பரிவட்டம் கட்டிக்கொண்டு நான் முதல் இலையில் உட்கார்ந்திருந்தேன். பொட்டல் முழுவதும் ஆண்கள், வரிசை வரிசையாக இலைகள். செல்போன்களை எல்லைக்கல்லுக்கு வெளியிலேயே வைத்துவிட்டு வருவது வழக்கம். பவித்ராவுக்கு விடியற்காலையிலேயே வலி கண்டு, நாள் முந்திப் பிள்ளை பிறந்து, ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. என் மனைவி அவளை உசிலம்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தாள். ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், மேலும் வேண்டும், கொடுக்க ஆட்களைக் கூட்டி வாருங்கள் என்றார்கள். ஊரில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் பொட்டலில். மனைவி அழுதுகொண்டே மதினிக்குப் போன் செய்தாள். மதினி திருப்பரங்குன்றத்திலிருந்து ஒரு சரக்கு வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

நாங்கள் பார்த்தபோது எல்லைக்கல்லைத் தாண்டி வந்துவிட்டிருந்தார். வலது கை மாவுக்கட்டோடு தொங்கியது. இடது கையில் ஒரு வேலிக்கம்பு. சோற்றில் கை வைத்தபடி எல்லோரும் உறைந்துவிட்டார்கள். அந்த மண்ணில் அதற்கு முன் ஒரு பெண்ணின் கால் பட்டதில்லை என்பார்கள்.

"எந்திரிங்கடா! ஒரு பிள்ளைக்கு ரத்தம் போயிக்கிட்டே இருக்கு, இங்க உக்காந்து எலும்பு கடிக்கிறீங்க!"

யாரோ கல்லை எறிந்தார்கள். அது அவர் நெற்றியில் பட்டது. ரத்தம் புருவத்தில் வழிந்தது; துடைக்கவில்லை. முதல் வரிசை இலைகளைக் காலால் எத்திக்கொண்டே வந்தார். பூசாரி மறித்தார். அவருக்குக் கம்பால் தோளில் ஒன்று. என்னிடம் வந்தார். பரிவட்டத்தைப் பிடுங்கி எறிந்தார்.

"பவித்ரா" என்று மட்டும் சொன்னார்.

நான் இலையை விட்டு எழவில்லை. மதினி என்னை விட்டுவிட்டு இளவட்டங்கள் இருந்த பக்கம் போனார். ஒவ்வொருவனையும் சட்டையைப் பிடித்துத் தூக்கி, "ஊதுடா" என்றார். சாராய வாடை அடித்தவனுக்கு ஓர் அறை கொடுத்துத் தள்ளினார். வாடை இல்லாதவனை வண்டிப் பக்கம் நெட்டினார்.

"அத்த, நான் பீர் மட்டுந்தான்..."

"போடா அங்கிட்டு!"

"சின்னம்மா, எனக்கு ஊசின்னா பயம்."

"கம்புன்னா?"

அவன் ஓடிப் போய் வண்டியில் ஏறினான். பெரியவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். ஆனால் வண்டி நிறைந்துவிட்டது. ஒச்சப்பனின் மகனும் அதில் ஏறினான். யாரும் பிடித்துத் தள்ளாமல் தானாக ஏறியவன் அவன் ஒருவன்தான்.

பின்னால் நானும் போய்ச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரியில் என் வயதையும் சர்க்கரையையும் கேட்டுவிட்டு, உங்களிடம் எடுக்க முடியாது என்றார்கள். மற்றவர்கள் கொடுத்தார்கள். மீசை முறுக்கிய ஒருவன் ஊசியைப் பார்த்ததுமே மயங்கி விழுந்தான். மதினி அவன் முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டு அடுத்தவனை உட்கார வைத்தார். பவித்ரா பிழைத்தாள். பெண் குழந்தை. அதுவும் பிழைத்தது.

ஊர் சும்மா விடவில்லை. எல்லையைத் தாண்டியதற்கும் பூசாரியை அடித்ததற்கும் கூட்டம் போட்டார்கள். மதினியும் வந்தார், நெற்றியில் தையல். பெரியவர்களுக்கும் மனது கொஞ்சம் இளகித்தான் இருந்தது. அவர்களே ஒரு வழி வைத்தார்கள். பரிவட்டக்காரன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருந்தால் அது சாமி வாக்கு மாதிரி, மதினி மேல் குற்றமில்லை. என் பக்கம் திரும்பிக் கேட்டார்கள்.

"வாத்தியாரே, நீங்க கூப்புட்டீங்களா இவுங்கள?"

ஒரு 'ஆமாம்' போதும். சொன்னால், பரிவட்டத்தோடு உட்கார்ந்து நானே வழக்கத்தை மீறினேன் என்றாகும். அந்த மரியாதை இனி எங்கள் வீட்டுக்கு வராது. ஒச்சப்பன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் கூப்பிடல. அவுங்களா வந்தாங்க" என்றேன்.

தன் கையை உடைத்தவனுக்காக அவர் ஒரு பொய் சொன்னார். என் மகளைக் காப்பாற்றியவருக்காக என்னால் ஒரு பொய் சொல்ல முடியவில்லை.

மதினி வீட்டுத் தலைக்கட்டு வரியை இனி வாங்குவதில்லை என்று முடிவானது. வரி வாங்காவிட்டால் ஊரில் அந்த வீடு இல்லை. நல்லது கெட்டதுக்கு யாரும் போக மாட்டார்கள். மதினி எழுந்தார். "நல்லதாப் போச்சு. அந்தக் காசுக்கு எலுமிச்சம்பழம் வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சிலர் சிரித்தார்கள். என் பக்கம் அவர் திரும்பவில்லை.

கை சரியாகச் சேரவில்லை. கத்தியைப் பிடிக்க ஆள் வைத்துக்கொண்டு, இடது கையால் எடை போட்டார். பவித்ரா வாரம் தவறாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போவாள். என்னோடு அவள் பேச்சு அளவாகிவிட்டது. இரண்டு வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் வாரேன் என்றேன். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

கடையில் கூட்டம். எனக்கு முன்னால் ஒருவன் பெண்டாட்டியை அதட்டிக்கொண்டிருந்தான். மதினி எடைக்கல்லை வைத்துவிட்டு இடது கையால் அவன் பிடரியில் ஒன்று வைத்தார். அடிக்கிற பழக்கம் இன்னும் அப்படித்தான் இருந்தது. பவித்ராவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. குழந்தையின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்து, "செவப்பா இருக்காடி" என்றார். சுவரொட்டியைப் பொட்டலம் கட்டி அவளிடம் கொடுத்தார்.

நான் முன்னால் போய் நின்றேன். பஸ்ஸில் வரும்போது என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தேன். "மதினி" என்றேன். கன்னத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டியே நின்றேன் என்று நினைக்கிறேன். அடித்துவிட்டால் போதும் என்று இருந்தது.

மதினி என்னைப் பார்த்தார். கோபமே இல்லாத முகம். தராசுத் தட்டைத் துணியால் துடைத்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்" என்றார். "பின்னால ஆளு நிக்கிது."